தீயணைப்பு வீரர்களுக்குச் சூடாக பஜ்ஜி

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் தீப்பிடித்தது. நாங்கள் எல்லோரும் கீழே நின்று கைதட்டினோம்.

பதற வேண்டாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒரு வாணலியும் கொஞ்சம் வாழைக்காயும் போயின. ஒரு சமையலறைச் சுவர் கறுத்தது. ஆனாலும் கைதட்டியது கைதட்டியதுதான். இல்லையென்று சாதிக்க முடியாது... வீடியோ இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுகலான தெருவில் இருக்கிறது. நாலு மாடி. நான் அதன் செகரட்டரி. எப்படி ஆனேன் என்று கேட்கிறீர்களா? போன வருடப் பொதுக்குழுவுக்கு நான் போகவில்லை. வராதவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வழக்கம். தலைவர் ராமலிங்கம் சார் மட்டும் ஆசைப்பட்டுப் பதவிக்கு வந்தவர். பெரிய ஆபீசில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் விழாவாக்கி விடுவார். போர்வெல் மோட்டார் மாற்றியதற்கே குத்துவிளக்கு ஏற்றியவர் அவர்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில், தீயணைப்பு நிலைய அலுவலர் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். சிவப்பு வண்டியில் மணியடித்துக்கொண்டு அல்ல. பைக்கில். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார்.

"நம்ம பில்டிங்ல எதுவும் பத்திக்கலையே சார்?" என்றார் வாட்ச்மேன்.

"பத்திக்கலைன்னுதான் வந்திருக்கேன்" என்றார் அவர்.

கூட நான் போனேன். செகரட்டரியாயிற்றே.

கீழ்த்தளத்தில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரிடம் முதலில் நின்றார். ஆயுத பூஜைக்கு வாட்ச்மேன் அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, காய்ந்த மாலையைக்கூட எடுக்காமல் விட்டிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. "இதுல ஒரு சின்ன டயல் இருக்கும் மேடம். முள்ளு பச்சையில நிக்கணும்" என்றார் அலுவலர். டயலைத் தேடினோம். குங்குமத்துக்கு அடியில் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இன்னும் சிவப்பாகவே இருந்தது. மிச்சக் குங்குமம் என்று நினைத்தேன். இல்லை, முள்தான் சிவப்பில் நின்றிருந்தது.

தண்ணீர்க் குழாய்ச் சுருள் இருக்கும் சிவப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு குடை, ஒரு ஊறுகாய் பாட்டில், ஒரு பஞ்சாங்கம். குழாயும் இருந்தது, ஒரு ஓரமாக, மற்றவற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல்.

படிக்கட்டில் ஏறினோம். ஒரு திருப்பத்தில் கொலுப் படிகள். அடுத்ததில் எக்ஸர்சைஸ் சைக்கிள். அதற்கடுத்து தேங்காய் மூட்டை, உடைந்த கட்டில், செருப்பு ஸ்டாண்டுகள். "இதெல்லாம் யாரோடது மேடம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். யாருடையதும் இல்லை. அதுதான் அப்பார்ட்மென்ட் படிக்கட்டின் விசேஷம். பொருள் யாருடையது என்று கேட்டால் ஆள் கிடைக்காது. எடுத்துத் தெருவில் போட்டுப் பாருங்கள், அரை நிமிஷத்தில் சொந்தக்காரர் வந்து சண்டைக்கு நிற்பார்.

மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. குரங்குகள் வடாமைத் தூக்கிக்கொண்டு போகின்றன என்று போட்ட பூட்டு. சாவி நாலாவது மாடியில் ஒரு வீட்டில். அவர்கள் கல்யாணத்துக்காக மணப்பாறை போயிருந்தார்கள்.

அலுவலர் பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, வீட்டு வாசல்களைப் பார்த்தார். எங்கள் ஊரில் வீடென்றால் கிரில் இருக்கும். குரங்குக்குப் பயந்து பால்கனிக்கு ஒன்று, திருடனுக்குப் பயந்து வாசலுக்கு ஒன்று. வாசல் கிரில்லுக்கு உள்பக்கமாகப் பெரிய பூட்டு.

"பூட்டிட்டு சாவியை எங்க வைப்பீங்க?"

"யார் கையிலயும் கிடைக்காத இடத்துலதான் சார்" என்றேன், பெருமையாகவே.

"யார் கையிலயும்னா... உங்க கையிலயுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்ததால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது மாடியில் வேதவல்லி மாமியின் வீட்டில் பெல் அடித்தோம். இந்தக் கதை மாமியைப் பற்றியதுதான். மாமா பரமபதித்த பிறகு தனியாக இருக்கிறார். ஒரே பெண் பத்மா, புனேயில். மாமிக்கு முழங்காலில் வலி உண்டு, வேறு குறை கிடையாது. பால்கனியில் நின்றால் குரங்குக் கம்பிகளுக்கு நடுவே ராஜகோபுரம் தெரியும். காலையில் அதைச் சேவித்துவிட்டுத்தான் காபி. எப்போதும் வீட்டில் இருப்பவர் என்பதால் வெளியூர் போகிறவர்கள் சிலர் மாமியிடம்தான் சாவி கொடுத்துவிட்டுப் போவார்கள். எதிர்வீடான ராமலிங்கம் சார் வீட்டு டூப்ளிகேட் சாவி நிரந்தரமாகவே மாமியிடம் இருந்தது.

பெல் அடித்ததும் மாமி வந்து, கிரில்லுக்கு உள்ளேயிருந்து எங்களைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் இருங்கோ" என்று உள்ளே போனார். நின்றோம். இன்னும் கொஞ்சம் நின்றோம். உள்ளே ஏதோ கொட்டும் சத்தம் கேட்டது. ஒருவழியாகச் சாவியோடு வந்தார். சாவியில் இரண்டு மூன்று அரிசி ஒட்டியிருந்தது.

"அரிசி டிரம்லயா வச்சிருக்கீங்க மாமி?" என்றார் அலுவலர்.

"அடியில. பத்மா ஏதோ நியூஸ் பாத்துட்டு வைக்கச் சொன்னா. திருடன் அரிசியக் களைஞ்சு பாக்க மாட்டானாம்."

"திருடனுக்கு சரி. வீட்டுல நெருப்பு பிடிச்சா நீங்க அரிசியைக் கொட்டிட்டா மாமி தேடுவீங்க?"

மாமி யோசித்தார். "கொட்டித்தான் ஆகணும். பொறுக்கறதுக்கு அப்புறம் நாழி இருக்குமோ என்னவோ."

அலுவலர் கதவை ஒட்டிச் சுவரில் ஓரிடத்தைக் காட்டினார். இங்கே ஒரு ஆணி, அதில் சாவி. வெளியேயிருந்து கைவிட்டால் எட்டாது, உள்ளேயிருந்து இருட்டில் தடவினாலும் கிடைக்கும். அவ்வளவுதான் அவர் சொன்னது.

இறங்கும்போது, "உங்க வேலை அணைக்கிறதுன்னுல்ல சார் நினைச்சேன்" என்றேன்.

"அணைக்கிறது கடைசி வேலைங்க. இதுதான் மொதல் வேலை. கடை கடையா, ஸ்கூல் ஸ்கூலா, மண்டபம் மண்டபமாப் போய் இப்படி ஆணி அடிங்க, மூட்டையை எடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். நாங்க ஒழுங்கா சொல்லி நீங்க ஒழுங்கா கேட்டா எதுவும் நடக்காது. எதுவும் நடக்கலைன்னா, இவங்க சும்மாதானே உக்காந்திருக்காங்கம்பாங்க." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதையெல்லாம் அன்றைக்கே குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அரிசி டிரம் உட்பட. அந்தக் குரூப்பில் பத்மாவும் இருக்கிறார்.

பத்து நிமிஷத்தில் புனேயிலிருந்து ஃபோன். "அக்கா, அம்மா தனியா இருக்கிறது சேஃப் இல்லன்னு ஃபயர் ஆபீசரே சொல்லிட்டாரா?"

"அவர் ஆணி அடிக்கத்தான் சொன்னார் பத்மா."

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. நான் எவ்வளவு நாளா சொல்லிண்டு இருக்கேன். இனிமே முடியாது. ஜூன்ல வந்து கூட்டிண்டு போயிடறேன்."

சாயங்காலம் மாமி வீட்டுக்குப் போனேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்தார்.

"புனேல அவ ஆத்துக்குப் போயிருக்கேன்" என்றார். "நன்னாத்தான் வச்சுப்பா. லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு. காலம்பர எழுந்து பால்கனிக்குப் போனா நீச்சல் குளம் தெரியறது. நான் அதையா சேவிக்க முடியும்?"

சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. கோபுரம் இருக்கும் பக்கம் பார்க்காமல் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

மாமி லேசுப்பட்டவர் இல்லை. கொஞ்ச நாளில் அப்பார்ட்மென்ட்டில் ஒரு தீ ஒத்திகை நடத்தித் தருவதாக அலுவலர் சொல்லியிருந்தார். மாமி அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிரவே பத்மாவிடம் ஃபோனில் பேரம் பேசினார். சைரன் அடித்ததும், யார் உதவியும் இல்லாமல், தன் காலால் கீழே இறங்கி வந்துவிட்டால் ஸ்ரீரங்கம். வரமுடியாவிட்டால் புனே. பத்மா ஒப்புக்கொண்டார், வீடியோ காலில் தானே பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு. ஃபோன் பிடிக்கும் பொறுப்பு செகரட்டரிக்கு.

மறுநாளே சுவரில் ஆணி ஏறியது. தினமும் மத்தியானம் மாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிப் பழக ஆரம்பித்தார். பழகுகிறவர் சும்மா பழகவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். "உங்காத்து சைக்கிள் என் முழங்காலை இடிக்கறது. எடுத்து உள்ள வச்சுக்கோங்கோ." சர்க்குலர் போட்டு நகராத எக்ஸர்சைஸ் சைக்கிள் மாமியின் முழங்காலுக்கு நகர்ந்தது. கொலுப் படிகள் யாரோ ஒருவர் கட்டிலுக்கு அடியில் போயின. தேங்காய் மூட்டை என்ன ஆனதென்று தெரியாது. அந்த வாரம் எல்லார் வீட்டிலும் தேங்காய்ச் சட்னியாக இருந்தது.

இதற்கு நடுவில் ஒத்திகைக்குத் தேதி குறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி வசதி என்றார் அலுவலர். ராமலிங்கம் சார் சிவப்புப் பெட்டியிலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார்.

"அது குளிகை நேரம்ங்க. குளிகையில செஞ்சா எதுவும் திரும்பத் திரும்ப நடக்கும்."

"டிரில் திரும்பத் திரும்ப நடந்தா நல்லதுதானே சார்?" என்றார் அலுவலர்.

"டிரில் நடந்தா பரவால்ல. தீ நடந்துட்டா?"

சனிக்கிழமை சாயங்காலமாக மாறியது.

அதற்கு முன்னால் ஒருநாள் கார் பார்க்கிங்கில் செயல்முறை விளக்கம். அலுவலர் ஒரு வாணலியில் எண்ணெயைக் கொளுத்திக் காட்டினார். "முதல்ல கேஸை மூடணும். தண்ணி ஊத்தவே கூடாது, குபீர்னு மேல வரும். தட்டோ மூடியோ வச்சு மூடினா காத்து கிடைக்காம தானா அணையும். மூடினப்புறம் ஆற விடணும். ஆர்வத்துல தெறந்து பாக்கக் கூடாது." பிறகு ஒத்திகை பற்றிச் சொன்னார். "சைரன் அடிச்சதும் அடுப்பை அணைச்சுடுங்க. அப்புறம் போட்டது போட்டபடி கிளம்பி வந்துடணும். லிஃப்ட் கூடாது."

கூட்டம் கவனமாகக் கேட்டது என்று சொல்ல ஆசைதான். பாதிப் பேர் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தீப்பிடிச்சா மெயின்டனன்ஸ் கட்டணுமா?" என்று ஒருவர் கேட்டார். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமி மட்டும்தான் பாடத்தில் சந்தேகம் கேட்டார்.

"தட்டை மேலேர்ந்து போடணுமா, பக்கத்துலேர்ந்தா?"

"நல்ல கேள்வி மாமி. பக்கத்துலேர்ந்து தள்ளிக்கிட்டே வாங்க. மேலேர்ந்து போட்டா கையில ஜுவாலை அடிக்கும்."

மாமி தலையாட்டிக்கொண்டார். பரீட்சை எழுத வேண்டியவருக்குத்தானே பாடம் காதில் ஏறும்?

சனிக்கிழமை வந்தது. பார்க்கிங்கில் ஷாமியானா. மைக் செட். ராமலிங்கம் சார் கைகூப்பி நிற்கும் ஃப்ளெக்ஸ் ஒன்று. அதன் மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு தீயணைப்பு வண்டி. தாம்பாளத்தில் பொன்னாடை, பழம். நிஜ வண்டி தெருமுனைக்கு வந்து, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களையெல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்தி, தக்காளி வண்டிக்காரரைக் கெஞ்சி, ஊர்ந்து உள்ளே வந்தது. ஒத்திகை அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

மேலே இரண்டாவது மாடியில், ராமலிங்கம் சாரின் மனைவி சரோஜா அக்கா வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். தீயணைப்பு வீரர்களுக்காக. முன்கூட்டியே போட்டு வைத்தால் ஆறிப்போகும், வந்தவர்களுக்கு ஆறின பஜ்ஜியையா கொடுப்பது? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. ஒத்திகை முடிவதற்கும் கடைசி ஈடு வேகுவதற்கும் சரியாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் கணக்கு.

வீரர்கள் ஓரமாக ஒரு இரும்பு டிரம்மில் புகை போட்டார்கள். சைரன் அலறியது.

எங்கள் மக்கள் பிரமாதமாக ஒத்துழைத்தார்கள். சிலர் சைரனுக்கு முன்பே வந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சிலர் லிஃப்டில் வந்தார்கள். மயங்கி விழுந்தவராக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த நாலாவது மாடி பேங்க் மேனேஜர் ஸ்ட்ரெச்சரில் படுத்த வேகத்தில் நிஜமாகவே தூங்கிவிட்டார். சரோஜா அக்கா கடலைமாவுக் கையோடு ஓடி வந்து உட்கார்ந்தார். போட்டது போட்டபடி வந்திருந்தார்.

என் கையில் ஃபோன். ஃபோனில் பத்மா. "அம்மா எங்க அக்கா?"

படிக்கட்டு வாசலைக் காட்டினேன். யாரோ வந்தார்கள், மாமி இல்லை. இன்னும் யாரோ வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை.

"முடியலை பாத்தேளா?" என்றார் பத்மா. குரலில் வெற்றி இல்லை. பாவமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் பழகியும் கடைசியில் முழங்கால் காலை வாரிவிட்டதே என்று நினைத்தேன்.

அப்போதுதான் இரண்டாவது மாடி பால்கனியில் மாமி தெரிந்தார். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "தீ! தீப்பிடிச்சிண்டிருக்கு! ராமலிங்கம் ஆத்துல தீ! யாராவது வாங்கோ!"

ராமலிங்கம் சார் மைக்கைப் பிடித்தார். "ஆஹா! மாமியைப் பாருங்க. இந்த வயசிலயும் என்ன தத்ரூபமா செய்யறாங்க! எல்லாரும் ஜோரா ஒரு தடவை கைதட்டுங்க!"

தட்டினோம். ஃபோன் கையில் இருந்ததால் நான் தொடையில் தட்டினேன். மாமி இன்னொரு முறை கத்தினார். இன்னும் பலமாகத் தட்டினோம். மாமி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அக்கா!" ஃபோனிலிருந்து பத்மா அலறினார். "அது நடிப்பு இல்ல! எங்கம்மாவுக்குப் பொய்யாக் கத்தத் தெரியாது. மேல போங்க அக்கா! யாரையாவது அனுப்புங்க!"

நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருப்பவருக்குத் தெரிந்தது, கீழே நின்ற எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அலுவலரைத் தேடிக் கூட்டத்தைச் சுற்றி அலைந்ததில் சில நிமிஷம் போயிற்று. கட்டடத்தின் பின்பக்கம் ஸ்ட்ரெச்சர் அருகே நின்றவரிடம் ஓடினேன். "சார், ரெண்டாவது மாடி... நிஜமாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வீரர்களோடு படியேறி ஓடினார். பின்னால் நான். என் பின்னால் சரோஜா அக்காவின் குரல்: "ஐயய்யோ, பஜ்ஜி!"

முதல் மாடித் திருப்பத்தில் மாமி எதிரே வந்துகொண்டிருந்தார். ஒரு கை கைப்பிடியில். இன்னொரு கையில் எதிர்வீட்டுச் சாவி. மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு. நெற்றியில் ஸ்ரீசூர்ணத்துக்குப் பக்கத்தில் கரி.

"அணைச்சுட்டேன்" என்றார். "நீங்க போய்ப் பாத்துக்கோங்கோ."

ஒரு வீரர் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினார். மாமி விலகிக்கொண்டார். "பிடிக்காதேங்கோப்பா. யாராவது பிடிச்சா கணக்கில்லை. வழி விடுங்கோ, நான் எறங்கணும்."

வீரர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள். ஒட்டி நிற்க இடம் இருந்தது. மாமியே காலி செய்த இடம். ஒவ்வொரு படியாக வைத்து, முகத்தைச் சுளித்து, மாமி இறங்கினார். நான் பின்னாலேயே ஃபோனைப் பிடித்துக்கொண்டு போனேன். கடைசிப் படியில் இறங்கித் தரையில் நின்றதும் மாமி திரும்பி ஃபோனைப் பார்த்தார்.

"எறங்கிட்டேன். பாத்துக்கோ."

இந்த முறை கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மாமியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மேலே ஓடினேன். ராமலிங்கம் சார் வீட்டுச் சமையலறையில் சுவர் கறுத்து, ஜன்னல் திரை பாதி கருகியிருந்தது. சிலிண்டர் ரெகுலேட்டர் மூடியிருந்தது. வாணலியின் மேல் கைப்பிடி வைத்த இரும்பு தோசைக்கல், பக்கவாட்டிலிருந்து தள்ளப்பட்டு, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. திரையின் மீது ஒரு குடம் தண்ணீர் போயிருந்தது, எண்ணெயில் ஒரு சொட்டும் படாமல். பின்னாலேயே வந்த சரோஜா அக்கா தோசைக்கல்லின் கைப்பிடியைப் பிடிக்கப் போனார்.

"அக்கா, தெறக்காதீங்க!" என்று அலுவலர் கத்தினார்.

"இல்லங்க, அந்த ஈடு ஏதாவது தேறுமான்னு..."

அலுவலர் அதற்குப் பிறகு செய்த வேலைதான் அன்றைய உண்மையான ஒத்திகை. ஆட்களை அனுப்பி ஒவ்வொரு வீடாகப் பார்க்கச் சொன்னார். ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. ஒன்றில் இஸ்திரிப் பெட்டி வேட்டியின் மேல் படுத்திருந்தது. பல வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு வரச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. போட்டது போட்டபடி வரச் சொன்னது மட்டும் எல்லார் காதிலும் விழுந்திருந்தது. அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, சுவாமி விளக்கையும் மலையேற்றிவிட்டுக் கிளம்பியிருந்த ஒரே வீடு மாமியுடையது. அதனால்தான் அவருக்குத் தாமதம். அந்தத் தாமதத்தில்தான் எதிர்வீட்டுக் கருகல் வாசனை மூக்கில் ஏறியிருக்கிறது.

அலுவலர் கீழே வந்தார். ராமலிங்கம் சார் என்ன செய்வதென்று தெரியாமல் பொன்னாடையை எடுத்துக்கொண்டு முன்னே போனார். அலுவலர் துணியைத் தொட்டுப் பார்த்தார். "இது சிந்தெடிக் சார். அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாமியின் முன்னால் போய் நின்றார்.

"மாமி, நீங்க செஞ்சது தப்பு. தனியா உள்ள போயிருக்கவே கூடாது. கத்தி ஆளைக் கூப்பிட்டுட்டு நேரா கீழ வந்திருக்கணும்."

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "கத்தினேனே. கைதட்டினேளே."

அலுவலர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாங்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. ராமலிங்கம் சார் மைக்கை அணைத்துவிட்டார். எதையோ ஒன்றை அணைத்தாரே என்று இருந்தது.

ஃபோனில் பத்மா அழுதுகொண்டிருந்தார். மாமியிடம் கொடுத்தேன்.

"ஏம்மா உள்ள போனே? உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"எதிராத்துல எரியறது. நான் போகாம நீ புனேலேர்ந்து வருவியா?"

பத்மாவின் அழுகை நின்றது.

"அது கிடக்கட்டும்" என்றார் மாமி. "யாரும் பிடிக்கல. நானே எறங்கி வந்தேனா, இல்லையா?"

"...வந்தே."

"அப்போ?"

பத்மா சொன்னார். "சரி, இரு. அங்கேயே இரு."

மாமி ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கரியைத்தான் துடைக்கிறார் என்று நினைக்கும்படியாக.

"அக்கா" என்றார் பத்மா என்னிடம், மூக்கை உறிஞ்சியபடி. "அம்மாவை அங்கேர்ந்து கூட்டிண்டு வந்துட்டா, அப்புறம் உங்களையெல்லாம் யார் பாத்துப்பா?"

இந்த வாரம் எங்கள் குடியிருப்பு ரொம்ப மாறிவிட்டது. டயலில் குங்குமம் இல்லை, முள் பச்சைக்கு வந்துவிட்டது. மொட்டை மாடிச் சாவி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. குரங்குகளுக்கு அது எட்டுமா என்று அசோசியேஷனில் விவாதம் நடக்கிறது. வீட்டுக்கு வீடு ஆணி அடிக்கும் சத்தம். அலுவலர் நேற்று பைக்கில் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, திருவெள்ளறைப் பக்கம் வைக்கோல் போர் விஷயமாகப் பேசப் போக வேண்டும் என்று கிளம்பினார். பஜ்ஜி வேண்டாம் என்றார்.

எல்லோரும் மாமியிடம் ஒரு டூப்ளிகேட் சாவி கொடுத்து வைப்பது என்று தீர்மானம் போட்டோம். நேற்று சாயங்காலம் செகரட்டரி என்ற முறையில் முதல் ஆளாக என் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். மாமி சாவியை வாங்கவில்லை. முகத்தை லேசாகத் தூக்கி, மோந்து பார்த்தார்.

"உங்காத்துல பால் பொங்கறது. போ, போ."

ஓடினேன். பொங்கித்தான் இருந்தது. செகரட்டரி என்பதால் அசோசியேஷனில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை... உங்களோடு இருக்கட்டும்.